தட்டில் தண்ணீர் நிற்கக் கூடாது: பழமும் கொட்டைகளும் வைத்த புதுச் சீஸ் பற்றிய கேள்வி பதில்

வீட்டு விருந்துகளுக்குச் சமைத்துக் கொடுப்பது என் தொழில். சாப்பாட்டுக்கு முன்னால் நான் வைக்கும் தட்டு ஒன்று உண்டு. பாலைத் திரித்து எடுத்த மென்மையான சீஸ், அதன்மேல் பழம், வறுத்த கொட்டைகள், தேன், கூடவே மொறுமொறுப்பான ரொட்டித் துண்டுகள். இதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு ஒரே மூச்சில் பதில் சொல்லிவிடுகிறேன்.

அக்கா, சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். இது பன்னீர்தானே? ரிக்கோட்டா என்று ஏன் பெயர் சூட்டுகிறார்கள்?

பன்னீருக்குத் தங்கைதான், மறுக்கவில்லை. இத்தாலிய மொழியில் ரிக்கோட்டா என்றால் ‘மறுபடி காய்ச்சியது’. வேறு சீஸ் செய்தபின் மிஞ்சும் தண்ணீரைத் திரும்பச் சூடாக்கினால் பூப்பூவாகத் திரண்டு வருவதுதான் அசல் ரிக்கோட்டா. நாம் முழுப் பாலிலிருந்து எடுக்கிறோம். அதனால் நான் இதை வெறும் ‘புதுச் சீஸ்’ என்றுதான் சொல்வேன். பன்னீரின்மேல் பாரம் ஏற்றுவோம். இதன்மேல் ஒரு கரண்டிகூட வைக்கக் கூடாது. வித்தியாசம் அவ்வளவுதான்.

அளவும் பக்குவமும் சொல்லுங்கள். எனக்கு ஒவ்வொரு முறையும் ரப்பர் மாதிரி வருகிறது.

6 சதவீதக் கொழுப்புள்ள பால் ஒரு லிட்டர். அடிகனமான பாத்திரத்தில் காய்ச்சுங்கள். பொங்கி எழும்போது அடுப்பை அணைத்து, இரண்டு நிமிடம் சும்மா விடுங்கள். இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாற்றில் அதே அளவு தண்ணீர் கலந்து, சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். மூன்று நான்கு முறை மெதுவாகக் கிளறினால் போதும். பால் திரியவில்லையே என்று பதறிச் சாற்றைக் கொட்டாதீர்கள். ஒரு நிமிடம் பொறுத்து, வேண்டுமானால் இன்னொரு தேக்கரண்டி. தண்ணீர் இளம்பச்சையாகத் தெளிந்ததும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பத்து நிமிடம் வேறு வேலை பாருங்கள்.

ரப்பராவதற்கு முக்கியக் காரணம், திரிந்த பிறகும் அடுப்பை எரியவிடுவது. திரட்டு சூட்டில் இறுகி, தன்னிடமிருக்கும் நீரையெல்லாம் கக்கிவிடும்.

பிறகு மெல்லிய பருத்தித் துணியில் வடியுங்கள். பழைய வேட்டித் துண்டு இதற்கு அருமை. பதினைந்து நிமிடம் கழித்துத் துணியை விரித்துப் பாருங்கள். விரலால் தொட்டால் இட்லி மாவைவிடக் கெட்டியாகவும் பன்னீரைவிடத் தளர்வாகவும் இருக்க வேண்டும். கால் தேக்கரண்டி உப்பும் இரண்டு மேசைக்கரண்டி கிரீமும் சேர்த்து மிக்ஸியில் சில நொடி ஓட்டினால் பட்டுப்போல வரும். ஆறு பேருக்குத் தாராளமாகப் போதும். உப்பை விட்டுவிட்டால் எத்தனை தேன் ஊற்றினாலும் சப்பென்றுதான் இருக்கும்.

நான் வெளிநாட்டில் இருக்கிறேன். மாதக்கணக்கில் கெடாத பெட்டிப் பாலில் செய்யலாமா?

திரியும், ஆனால் திரட்டு மணல்போலப் பொடியாக வரும், பாதி துணி வழியே போய்விடும். அந்தப் பாலை மிக அதிக வெப்பத்தில் பதப்படுத்தியிருப்பார்கள். குளிர்பெட்டியில் வைத்து விற்கும் சாதாரணப் பாலை வாங்குங்கள்.

பால் திரிக்கவே பயமாக இருக்கிறது. தயிரில் முடியுமா?

தாராளமாக. புளிக்காத கெட்டித் தயிரில் உப்புப் போட்டுத் துணியில் கட்டி, குளிர்சாதனப் பெட்டியில் ஓர் இரவு தொங்கவிடுங்கள். லெபனான், சிரியா பக்கம் இதுதான் லப்னே. ஆலிவ் எண்ணெய் ஊற்றிச் சாப்பிடுவார்கள். புளிப்பு இருப்பதால் இனிப்பான பழம் இதற்கு இன்னும் பொருந்தும்.

எந்தப் பழம் வைக்கலாம்? அன்னாசி அழகாக இருக்குமே?

அழகாகத்தான் இருக்கும். ஒரு நிச்சயதார்த்த விருந்துக்கு நானே வைத்தேன். மாலை நான்கு மணிக்கு அலங்கரித்த தட்டு ஏழு மணிக்கு ஓரமெல்லாம் கூழாகி, வாயில் வைத்தால் வேப்பங்கொழுந்துபோலக் கசந்தது. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் ஒரு வாய் தின்றுவிட்டு, “மருந்து எதுவும் போட்டிருக்கிறீர்களா அம்மா?” என்று கேட்டார். சமைக்காத அன்னாசியில் புரதத்தை உடைக்கும் நொதி இருக்கிறது. பால் புரதம் உடையும்போது கசப்பு வரும். பப்பாளி, கிவி இரண்டுக்கும் அதே குணம். அன்னாசிதான் வேண்டுமென்றால் சர்க்கரை தூவிக் கொதிக்கக் கொதிக்க வதக்கி, ஆறவைத்துப் போடுங்கள். சூட்டில் அந்த நொதி செயலிழந்துவிடும்.

அத்திக்கும் இந்தக் குணம் உண்டு. பண்டைய கிரேக்கர்கள் அத்திப்பாலை விட்டே பாலை உறைய வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்தப் பால் காம்பிலும் காயிலும்தான் அதிகம். நன்றாகப் பழுத்ததைக் காம்பு நீக்கி, பரிமாறும் நேரத்தில் வைத்தால் தொல்லை இல்லை.

என் விருப்பம் கறுப்புத் திராட்சை. எண்ணெயும் உப்பும் துளி சேர்த்து, தோல் வெடிக்கும் வரை வாணலியில் புரட்டி, ஊறி வரும் சாற்றைத் தனியாக வற்றவைத்துச் சொட்டுச் சொட்டாக விடுவேன். மாதுளை முத்துகளைத் துணியில் ஒற்றியெடுத்துப் போடுங்கள். தர்பூசணி வேண்டவே வேண்டாம்.

வால்நட் கசக்கிறது. அரை மணி நேரத்தில் நமத்தும் போகிறது.

கசப்பு தோலில் இருக்கிறது. கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டு வடித்து, ஈரம் போகத் துடைத்து, சிறு தீயில் மணம் வரும்வரை வறுங்கள். வறுத்ததும் தட்டில் கொட்டிவிடுங்கள். சூடான வாணலியிலேயே விட்டால் கருகும். வறுத்த பிறகும் பழைய எண்ணெய் வாடை அடித்தால் பருப்பே காறிப்போனது, தூக்கிப் போடுங்கள். நமத்துப் போவதற்கு மருந்து ஒன்றுதான்: விருந்தினர் உட்கார்ந்த பிறகு தூவுங்கள்.

எவ்வளவு செய்தும் தயிர்சாதம்போலத் தெரிகிறது. நட்சத்திர ஓட்டல்களில் எப்படிச் செய்கிறார்கள்?

பொருள்களைக் குறையுங்கள். ஒரு பழம், ஒரு கொட்டை. மூன்றாவதாகக் கை போனால் தட்டிவிடுங்கள். ஆழமில்லாத தட்டு, அதுவும் கருப்போ கருநீலமோ. சீஸைக் குவித்து, கரண்டியின் பின்பக்கத்தால் ஒரே சுழற்றாகச் சுழற்றுங்கள். நடுவில் விழும் பள்ளத்தில் தேன் தங்கும். பழத்தை ஒரு பக்கமாக மட்டும் வையுங்கள். கோலம்போல நான்கு பக்கமும் ஒரே மாதிரி அடுக்குவதுதான் தட்டைக் கெடுக்கிறது. கடைசியாக நொறுங்க இடித்த மிளகு. குளிர்பெட்டியிலிருந்து எடுத்து இருபது நிமிடம் கழித்துப் பரிமாறினால்தான் பாலின் மணம் தெரியும். அதற்குள் ஓரத்தில் தண்ணீர் கசிந்தால் சரியாக வடிக்கவில்லை என்று பொருள்.

கர்ப்பிணிகளும் குழந்தைகளும் சாப்பிடலாமா?

பாலைக் கொதிக்கவிட்டுத்தான் செய்கிறோம். சுத்தமாகச் செய்து, குளிரில் வைத்து, அன்றே சாப்பிடும் கர்ப்பிணிகளுக்குப் பயமில்லை. காய்ச்சாத பாலில் செய்து விற்கும் மென்மையான சீஸைத் தவிர்க்க வேண்டும். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கூடாது. முழுக் கொட்டைகளும் முழுத் திராட்சையும் சின்னக் குழந்தைகளின் தொண்டையில் அடைக்கும்.

நாங்கள் சைவம். சீஸில் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் பொருள் சேர்ப்பார்களாமே?

சில சீஸ்களில் சேர்ப்பார்கள். இங்கே எலுமிச்சை மட்டும்தான்.

வடித்த தண்ணீரை என்ன செய்வது?

சப்பாத்தி மாவு பிசையுங்கள், மிருதுவாக வரும். மிஞ்சிய சீஸை மறுநாள் பச்சை மிளகாய், கொத்தமல்லியோடு பிசைந்து அதே சப்பாத்திக்குள் வைத்துச் சுருட்டுங்கள்.