குரோம்பேட்டை மனைக்கு எட்டு மாடி கிடைக்குமா?

ஸ்டேஷனுக்கு ஐந்து நிமிட நடை, ஒரு கிரவுண்டு, 20 அடித் தெரு. இதில் எட்டு மாடி வரும், கட்டியதில் ஆளுக்குப் பாதி என்கிறார் பில்டர், நம்பலாமா என்று கேட்டிருந்தீர்கள். நம்பாதீர்கள்.

ஸ்டேஷன் எவ்வளவு பக்கம் என்பதற்கு முன்னால் பார்க்க வேண்டியது தெருவின் அகலம். 2019 கட்டட விதிகளின்படி 18.3 மீட்டரைத் தாண்டினாலே உயரமான கட்டடம்; எட்டு மாடி அதில்தான் வரும். அதற்குக் குறைந்தது 12 மீட்டர், அதாவது 40 அடிச் சாலை வேண்டும். காசு கட்டிக் கூடுதல் எஃப்.எஸ்.ஐ. (மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு) வாங்கவும் 9 மீட்டர் சாலை இருக்க வேண்டும். உங்கள் தெரு ஆறு மீட்டர்தான். உங்கள் வாசலில் மட்டும் அகலமாக இருந்தாலும் போதாது.

சாதாரண எஃப்.எஸ்.ஐ. 2. அப்படியானால் 2,400 சதுர அடி மனையில் அதிகபட்சம் 4,800 சதுர அடி. நாலு பக்கமும் இடம் விட்டால் அதுவே முழுசாக வருமா என்பது சந்தேகம்தான். அப்புறம், குரோம்பேட்டை மீனம்பாக்கம் விமான நிலையத்தை ஒட்டிய ஊர். உயரத்துக்கு விமான நிலைய ஆணையத்தின் வரம்பும் உண்டு.

தண்டவாளத்தை ஒட்டிய பகுதியில் நிறைய வீடுகள் வரட்டும் என்பதுதான் என் கட்சியும். அதற்கு முதலில் தெரு அகலமாக வேண்டும், அது பில்டர் கையில் இல்லை. (தீயணைப்பு வண்டி திரும்ப முடியாத சந்தில் எட்டு மாடி எதற்கு?)

சரி, இப்போது செய்ய வேண்டியது: உரிமம் பெற்ற கட்டடப் பொறியாளர் ஒருவரிடம் தனியாக வரைபடம் போட்டுப் பாருங்கள். ஒப்பந்தத்தில் உங்கள் பங்கைச் சதவீதமாக மட்டும் எழுதாமல் சதுர அடியாகவும் எழுதச் சொல்லுங்கள். திட்ட அனுமதி கைக்கு வரும்வரை பவர் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.