‘ஃபலேஷியஸ்லி’யும் ‘ராங்லி’யும் ஒன்றா?

கேள்வி: பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் ஐ.டி. வேலை. ‘ஃபலேஷியஸ்லி’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அகராதியில் ‘தவறாக’ என்று போட்டிருக்கிறது. ஆபீஸ் மெயிலில் ‘ராங்லி’ வரும் இடத்தில் இதை எழுதலாமா?

எழுதக் கூடாது. ‘ராங்லி’ எந்தத் தவறுக்கும் பொருந்தும்: எண் மாறிப்போனாலும், பெயரை மாற்றி எழுதினாலும், பஸ் மாறி ஏறினாலும். ‘ஃபலேஷியஸ்லி’ ஒரே ஒரு வகைத் தவறுக்கு உரியது. கையில் இருக்கும் காரணத்திலிருந்து முடிவுக்குப் போகும் வழி பிசகியிருக்க வேண்டும். முடிவு சரியா தப்பா என்பது அந்தச் சொல்லுக்குப் பொருட்டே இல்லை. பெரும்பாலானோர் தடுக்கி விழுவது இங்கேதான்.

உங்கள் ஊரையே எடுத்துக்கொள்வோம். ஒருவர் சொல்கிறார்: “உயரமான இடங்கள் குளிர்ச்சியாக இருக்கும். பெங்களூரு குளிர்ச்சியாக இருக்கிறது. ஆகவே பெங்களூரு உயரத்தில் இருக்கிறது.” அவர் சொன்ன மூன்றுமே உண்மை. பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டருக்கு மேல்தான் இருக்கிறது. ஆனால் ‘ஆகவே’ நிற்கவில்லை. இதே வழியில் போனால், ஜனவரிக் குளிரை வைத்து டெல்லியையும் மலைமேல் ஏற்றிவிடலாம். டெல்லியோ 200 மீட்டரை ஒட்டிய சமவெளி. உயரம் இல்லாத இடத்திலும் குளிர் வருகிறது என்பதால் குளிரை உயரத்துக்குச் சான்றாகக் காட்ட முடியாது. அவர் உண்மையான முடிவை ‘ஃபலேஷியஸ்லி’ எட்டியிருக்கிறார். இந்த இடத்தில் ‘ராங்லி’ போட்டால், பெங்களூரு உயரத்தில் இல்லை என்று படிப்பவர் எடுத்துக்கொள்வார்.

இதற்கு நேர் எதிரானதையும் பாருங்கள். “சென்னைக்கு வெகு வடக்கே இருப்பதால் பெங்களூரு குளிர்ச்சி” என்று ஒருவர் சொன்னால், கெட்டது வழியல்ல, தகவல். இரண்டு ஊரும் ஏறக்குறைய 13 பாகை வடக்கில், ஒரே கோட்டில்தான் இருக்கின்றன. இதற்கு ‘எரோனியஸ்லி’ என்பதே பொருத்தம்.

‘இல்லாஜிக்கலி’யோடும் குழப்பிக்கொள்ள வேண்டாம். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட்டால் பார்த்ததுமே சிரிப்போம், அது ‘இல்லாஜிக்கலி’. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தால், காக்கைதான் தள்ளிவிட்டது என்று நம்பத் தோன்றும்; அது ‘ஃபலேஷியஸ்லி’. வாதம் போலத் தோன்றி வாதமாக இல்லாமல் போவதுதான் இந்தச் சொல்லின் உயிர். இதன் லத்தீன் வேருக்கு ‘ஏமாற்று’ என்று பொருள். இன்றைய வழக்கில் பேசுபவர் வேண்டுமென்றே ஏமாற்றினார் என்ற குற்றச்சாட்டு அதில் இல்லை. பெரும்பாலும் அவரே ஏமாந்திருப்பார். கேட்க மிக அழகாக, எடுபடும்படி அமைந்த போலி வாதம் என்றால் ‘ஸ்பீஷியஸ்லி’ இன்னும் கூர்மையானது.

தமிழில் இதற்குச் சொல் இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மணிமேகலையின் 29ஆம் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் அளவை நெறியை, அதாவது தர்க்கத்தை, கற்பிக்கும்போது ‘ஏதுப்போலி’ என்கிறார். ஏது என்றால் காரணம். காரணம் போல் வேடமிட்டது ஏதுப்போலி. அதை மூன்றாகப் பிரிக்கிறார்: அசித்தம் (நிறுவப்படாத ஏது), அநைகாந்திகம், விருத்தம் (எதிர்மாறானதை நிறுவும் ஏது). இரு பக்கமும் சாயும் ஏதுவுக்கு அநைகாந்திகம் என்று பெயர். மேலே பார்த்த குளிர் அந்த இனம். மொழிபெயர்க்கும்போது ‘ஏதுப்போலியால்’, ‘போலிக் காரணம் கொண்டு’ என்று எழுதுங்கள். ‘தவறாக’ என்று விட்டால் பாதிப் பொருள் போய்விடும்.

அடுத்து வாக்கியத்தில் வைக்கும் முறை. இது சிந்தனையைச் சொல்லும் வினைகளோடு மட்டுமே சேரும்: ஆர்க்யூ, கன்க்ளூட், இன்ஃபர், ரீசன், அட்ரிப்யூட். ‘ஹி ஃபலேஷியஸ்லி கன்க்ளூடட் தட்…’ சரி. ‘ஹி ஃபலேஷியஸ்லி டிலீட்டட் தி ஃபைல்’ பிழை. ஃபைலை அழிப்பதில் வாதம் ஏது? அங்கே ‘மிஸ்டேக்கன்லி’ போடுங்கள். சந்தேகம் வந்தால், அந்த வாக்கியத்தில் ஓர் ‘ஆகவே’ ஒளிந்திருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் இந்தச் சொல்லுக்கு அங்கே வேலை இல்லை.

ஆபீஸில் அடிக்கடி வருவது இது: வெள்ளிக்கிழமை மாலை மென்பொருளின் புதிய பதிப்பு (ரிலீஸ்) போனது, இரவு சர்வர் விழுந்தது, ஆகவே ரிலீஸ்தான் காரணம். அதே நள்ளிரவில் ஒரு சர்டிஃபிகேட் காலாவதியாகியிருக்கலாம், டிஸ்க் நிரம்பியிருக்கலாம். ரோல்பேக் செய்து பழைய பதிப்புக்குத் திரும்பிய பிறகும் கோளாறு நீடிக்கிறதா, முதல் எரர் ரிலீஸுக்கு முன்னா பின்னா என்று லாகில் (சர்வரின் பதிவேட்டில்) பார்க்காதவரை அது காக்கையும் பனம்பழமும்தான். பிற்பாடு ரிலீஸ்தான் காரணம் என்று தெரியவந்தாலும், அன்று இரவு முடிவுக்கு வந்த விதம் ‘ஃபலேஷியஸ்லி’யே.

ஆனாலும் சக ஊழியருக்கு எழுதும் மெயிலில் இந்தச் சொல்லைத் தவிர்க்கவே சொல்வேன். ‘உனக்கு யோசிக்கத் தெரியவில்லை’ என்று அது காதில் விழும். ‘திஸ் டஸ் நாட் ஃபாலோ ஃப்ரம் தி லாக்ஸ்’ என்றால் அதே கருத்து, காயம் இல்லாமல் போய்ச் சேரும். கட்டுரை, ஆய்வு, தீர்ப்பு பற்றிய விமர்சனம் ஆகியவற்றில் தயங்காமல் பயன்படுத்துங்கள்.

உச்சரிப்பில் அழுத்தம் ‘லே’யின் மேல்: ஃப-லே-ஷஸ்-லி. ‘ஃபேலஸி’ என்ற பெயர்ச்சொல்லில் மட்டும் அழுத்தம் முதல் அசைக்குத் தாவும். அதைப் பார்த்து ‘ஃபேலஸியஸ்லி’ என்று சொல்லிவிடாதீர்கள்.