மகளின் வாலிபாலுக்காக மறுபடியும் நகையை மாற்றி வைக்கலாமா?

கேள்வி: என் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். மாவட்ட வாலிபால் அணியில் அட்டாக்கர். வயதுக்கு மீறிய உயரம். கணவர் டெம்போ ஓட்டுகிறார், நான் தையல் யூனிட்டில் வேலை செய்கிறேன். இருவருக்கும் சேர்த்து மாதம் 41,000 ரூபாய் வருகிறது. வண்டித் தவணை உட்பட 31,000 செலவாகிறது. மகளின் பயிற்சிக்கும் போட்டிகளுக்கும் என்று 6 பவுன் நகையைத் தனியார் நகைக்கடன் நிறுவனத்தில் 18% வட்டிக்கு வைத்து முதலில் 1,20,000 வாங்கினோம். வருடா வருடம் மாற்றி வைத்ததில் அது 1,75,000 ஆகி, பிறகு 2,40,000 ஆனது. இரண்டு மாதம் முன்பு கிராமுக்கு 8,650 மதிப்புப் போட்டு 3,10,000 தந்தார்கள். ஒவ்வொரு முறையும் பழைய கடனையும் வட்டியையும் கழித்துக்கொண்டு மீதிதான் கைக்கு வரும். இப்போது என் அண்ணன், மகளைச் சென்னையில் வருடம் 1,80,000 கட்டணம் வாங்கும் தனியார் அகாடமியில் சேர்த்தால் ரயில்வே வேலை உறுதி, பர்சனல் லோன் போடு என்று வற்புறுத்துகிறார். தெரிந்த ஏஜென்ட் ஒருவர் வருடம் 50,000 கட்டும் குழந்தைகள் காப்பீட்டு யூலிப் திட்டம் (காப்பீடும் சந்தை முதலீடும் கலந்தது) ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறார். என்ன செய்வதென்று தெரியவில்லை.
– வாசகி, ஈரோடு மாவட்டம்

பதில்: அகாடமியையும் ஏஜென்ட்டையும் பிறகு பார்ப்போம். உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது அந்த அடகுச் சீட்டு. நகை அதே 6 பவுன்தான், கடன் மட்டும் இரண்டரை மடங்குக்கு மேல் ஆகிவிட்டது. தங்கம் விலை ஏற ஏற, அதே நகைக்குக் கூடுதல் பணம் தருகிறார்கள். அதைப் புதுக்கடன் என்று மனம் எடுத்துக்கொள்வதில்லை. நகை சம்பாதித்துக் கொடுத்த பணம் போலத் தோன்றும்.

ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். முதல் வருட வட்டி 21,600. 1,75,000-க்கு மாற்றி வைத்தபோது கைக்கு வந்தது 33,400. அடுத்த வருட வட்டி 31,500, கைக்கு வந்தது 33,500. கடைசி முறை கடன் 70,000 கூடியது. அதில் 43,200 வட்டிக்கே போய், உங்களுக்கு மிஞ்சியது 26,800. ஆக இத்தனை வருடத்தில் உண்மையில் வாங்கியது 2,13,700. மீதி 96,300 முழுக்க வட்டி. அந்த வட்டிக்கும் இப்போது வட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. வரும் வருடம் மட்டும் 55,800, அதாவது மாதம் 4,650. மகளின் ஆட்டத்துக்கு ஆகும் உண்மையான செலவைவிட இது அதிகம்.

ஆபத்து இன்னொன்றும் இருக்கிறது. 48 கிராமின் மதிப்பு 4,15,200. வருடக் கடைசியில் வட்டியோடு நீங்கள் கட்ட வேண்டியது 3,65,800. இதற்கிடையில் தங்கம் 12% இறங்கினால் நகையின் மதிப்பும் கடனும் சமமாகிவிடும். அதற்கு முன்பே, பணத்தைக் கட்டு அல்லது ஏலம் என்று நோட்டீஸ் வரும். விலை ஏறிக்கொண்டே இருக்கும் என்ற நம்பிக்கையில் எடுத்த கடன், விலை இறங்குகிற வருடத்தில் மொத்த நகையையும் கொண்டுபோய்விடும்.

ஆகவே இனி மாற்றி வைப்பது கூடாது. 2 பவுனை விற்றுவிடுங்கள். கல் வைத்ததை விட்டுவிட்டு, ஹால்மார்க் உள்ள, நீங்கள் அதிகம் போடாத உருப்படியாகப் பாருங்கள். 16 கிராமுக்கு 1,38,400. உருக்குக் கழிவெல்லாம் போக 1,33,000 வந்தால் சரி. இரண்டு கடைகளிலாவது எடை போட்டுக் கேளுங்கள். மீதி 4 பவுனைப் பொதுத்துறை வங்கியிலோ கூட்டுறவு வங்கியிலோ வையுங்கள். வட்டி அங்கே 9 முதல் 10 சதவீதத்துக்குள் முடிந்துவிடும்.

சிக்கல் எங்கே வருமென்றால், எல்லா நகையும் ஒரே சீட்டில் இருந்தால் பகுதி மட்டும் மீட்கப் பெரும்பாலும் விடமாட்டார்கள். முழுத் தொகையும் வேண்டும். இரண்டு மாத வட்டி 9,300 சேர்த்து இன்றைக்கு 3,19,300. வங்கியே நேரடியாகக் கட்டி நகையை எடுத்துக்கொள்ளும் வசதி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால் அண்ணனிடம் போங்கள். பர்சனல் லோன் போடச் சொல்பவர், இந்தத் தொகையை இரண்டு நாளைக்குக் கைமாற்றாகத் தரட்டும். காலையில் மீட்டு, 2 பவுனை விற்று, 4 பவுனை வங்கியில் வைத்தால் பெரும்பாலும் அன்றைக்கே பணம் கைக்கு வந்துவிடும். மருமகளுக்கு அவர் செய்யக்கூடிய பெரிய உதவி இதுதான்.

விற்ற பணம் போக மீதிக் கடன் 1,86,300. 4 பவுன் மதிப்பில் மூன்றில் இரண்டு பங்குதான், வங்கி தயங்காது. 9.5% என்று வைத்தால் வருட வட்டி சுமார் 17,700. வருடக் கடைசியில் மொத்தமாகக் கட்டும் கடனாக வாங்காதீர்கள், மாதத் தவணைக் கடனாகக் கேளுங்கள். மாதம் 5,000 கட்டினால் சுமார் 45 மாதத்தில் முடிந்துவிடும். இப்போது வட்டிக்கு மட்டும் 4,650 போகிறது என்பதை மறக்க வேண்டாம். நகையை இரண்டு இரண்டு பவுனாகப் பிரித்துத் தனித்தனிச் சீட்டாகப் போடச் சொல்லுங்கள். ஒரு சீட்டு முடிந்ததும் அந்த நகை வீட்டுக்கு வந்துவிடும்.

இனி அகாடமி. இரண்டு வருடத்துக்கு 3,60,000 கட்டி அங்கே கிடைப்பது பயிற்சி மட்டும்தான். எந்த அகாடமியும் ரயில்வே வேலையைக் கையில் வைத்துக்கொண்டிருக்கவில்லை. விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை என்பது அறிவிப்பு வந்து, வயது 18 ஆகி, தகுதியான சான்றிதழோடு விண்ணப்பித்து, நேரடித் தேர்வில் ஆடிக்காட்டிப் பெறுவது. இந்தியப் பெண்கள் வாலிபாலில் ரயில்வே அணி மிக வலுவானது, அங்கே இடம் பிடிக்கும் போட்டியும் அதற்கேற்றது. ஆள் தெரியும், முன்பணம் கொடு என்று யாராவது சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள். லீக்கில் ஆடிச் சம்பாதிக்கலாம் என்றும் சொல்வார்கள். 2022-ல் தொடங்கிய பிரைம் வாலிபால் லீக் ஆண்களுக்கானது.

உங்கள் மகளுக்கு வாசல் திறப்பது சான்றிதழ். அரசு வேலைக்கான விளையாட்டு ஒதுக்கீட்டில் அதைப் படிவம் 1 முதல் 4 வரையில் ஏதாவது ஒன்றில் கேட்பார்கள். படிவம் 1 நாட்டுக்காக ஆடியவர்களுக்கு, 2 தேசியப் போட்டியில் மாநிலத்துக்காக, 3 பல்கலைக்கழகங்களுக்கு இடையே ஆடியவர்களுக்கு, 4 தேசியப் பள்ளி விளையாட்டில் மாநில அணிக்காக. பத்தாம் வகுப்புப் பெண்ணின் உடனடி இலக்கு அந்த நான்காவது படிவம். அதற்கு வழி பள்ளி, குறுவட்டம், மாவட்டம், மாநிலத் தேர்வு என்று பள்ளிக் கல்வித் துறை வழியாகவே போகிறது. கோவாவில் ‘தேசிய ஓப்பன்’, நேபாளத்தில் ‘சர்வதேசப் போட்டி’ என்று நுழைவுக் கட்டணம் வாங்கி நடத்துபவை பல உண்டு. பதக்கம் பெரிதாக இருக்கும். நடத்தும் அமைப்புக்கு அங்கீகாரம் இல்லையென்றால் அந்தச் சான்றிதழ் ஒதுக்கீட்டுக்குச் செல்லாது. நகைக்கடனில் வாங்கியது இப்படி எத்தனை போட்டிக்குப் போயிருக்கிறது என்று ஒருமுறை கூட்டிப் பாருங்கள். இனி எந்தப் போட்டிக்கும் பணம் கட்டுமுன் பள்ளி உடற்கல்வி ஆசிரியரிடம், “இதற்கு என்ன படிவம் கிடைக்கும்?” என்று கேட்டுவிடுங்கள்.

தங்கிப் பயிற்சி பெறுவதுதான் வேண்டும் என்றால், தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகள் இருக்கின்றன. தங்குமிடம், சாப்பாடு, பயிற்சி, உடை எல்லாம் அரசு செலவு. 7, 8, 9, 11-ஆம் வகுப்புகளில் சேர்க்கிறார்கள். உங்கள் மகளுக்கு வரும் கோடை சரியான சமயம். மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் தேர்வுத் தேதியைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வாலிபாலில் உயரம் பாதித் தகுதி, அது அவளிடம் இருக்கிறது. நின்ற இடத்திலிருந்து எகிறும் உயரத்தை இந்தச் சில மாதத்தில் கூட்டச் சொல்லுங்கள். விடுதி கிடைக்காவிட்டாலும், மாநில அளவில் ஆடிய பெண்ணைக் கட்டணம் இல்லாமல் சேர்த்துக்கொள்ளும் கல்லூரிகள் சென்னையிலும் கோவையிலும் உண்டு. பொறியியலுக்குத் தமிழ்நாடு பொறியியல் சேர்க்கைக் கலந்தாய்விலேயே விளையாட்டு ஒதுக்கீடு தனியாக இருக்கிறது.

வீட்டில் இருந்தே ஆடுவதற்கு வருடம் என்ன ஆகும்? பயிற்சிக்கு 1,800 ரூபாய் ஷூ இரண்டு ஜோடி. உள்ளரங்கப் போட்டிக்கு 5,000-த்தில் ஒரு ஜோடி. அதைச் சிமெண்ட் தரையில் போடவே கூடாது, அந்த மெத்தென்ற ரப்பர் அடிப்பாகம் சில மாதத்தில் தேய்ந்து பிடிமானம் போய்விடும். முட்டி பேட் 800, கணுக்கால் பிரேஸ் 1,200, விரல் டேப் 600. போட்டிப் பயணம், சாப்பாடு 8,000. முட்டைக்கும் பாலுக்கும் மாதம் 1,500. எல்லாம் சேர்த்து 37,200, மாதம் 3,100. சொந்தமாக மிகாசா பந்து வாங்கத் தேவையில்லை, பள்ளியில் இருக்கும்.

மாதம் 10,000 மிஞ்சுகிறது என்கிறீர்கள், ஆனால் போட்டி வரும்போது கையில் இருப்பதில்லை. சம்பளம் வந்த மறுநாளே 3,100-ஐ 12 மாத ஆர்.டி.க்குப் போகும்படி வங்கியில் எழுதிக் கொடுங்கள். முதல் வருடம் மட்டும், ஆர்.டி. முதிரும்வரை வரும் போட்டிகளுக்கு, நகை விற்ற பணத்தில் 10,000-ஐத் தனியாக எடுத்து வையுங்கள். கடன் அந்த அளவு கூடும், பரவாயில்லை.

யூலிப் வேண்டாம். 5 வருடம் பணத்தை எடுக்க முடியாது; உங்கள் மகளுக்குக் கல்லூரிச் செலவு மூன்று வருடத்துக்குள் வந்துவிடும். 18% வட்டிக் கடனை வைத்துக்கொண்டு சந்தை 12% தரும் என்று முதலீடு செய்வதில் கணக்கும் இல்லை. மொபைலில் விற்கும் டிஜிட்டல் தங்கத்துக்கும் இதே பதில்தான்.

காப்பீடு வேண்டும்தான், ஆனால் மருத்துவக் காப்பீடு. வலையோரம் எகிறி இறங்கும்போது எதிரணிப் பெண்ணின் காலை மிதித்துக் கணுக்கால் மடங்குவது வாலிபாலில் அடிக்கடி நடப்பது. முழங்கால் தசைநார் கிழிந்தால் தனியார் மருத்துவமனையில் ஒன்றரை முதல் மூன்று லட்சம் வரை ஆகலாம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்குக் குடும்ப ஆண்டு வருமான வரம்பு 1,20,000 என்பதால் உங்களுக்குப் பொருந்தாது. 5 லட்சத்துக்குக் குடும்ப பாலிசி எடுங்கள், மாதம் 1,500 ஒதுக்கினால் போதும். விபத்துக்கு முதல் நாளிலிருந்தே பாதுகாப்பு உண்டு. விளையாட்டு என்றால் தரமாட்டார்கள் என்று யாராவது பயமுறுத்தினால் பாலிசியை எடுத்துப் படியுங்கள். மருத்துவ பாலிசியில் விலக்கப்பட்டிருப்பது மலையேற்றம், மோட்டார் பந்தயம், ஸ்கூபா டைவிங் போன்ற சாகச விளையாட்டில் தொழில்முறையாக இறங்குபவர்களுக்கு. தனிநபர் விபத்து பாலிசியின் விதி வேறு மாதிரி இருக்கலாம். அதை எடுப்பதாக இருந்தால், பள்ளிப் போட்டியில் அடிபட்டால் கிடைக்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு பிறகு கையெழுத்துப் போடுங்கள்.