வெயில் ஊரில் யாருக்காகக் குவில்ட் தைப்பது?

கேள்வி: புதுச்சேரியில் வசிக்கிறேன். குவில்ட் எனப்படும் ஒட்டுப்போர்வை தைப்பதைப் பொழுதுபோக்காகக் கொள்ள ஆசைப்படுகிறேன். அதில் உள்ள மகிழ்ச்சி என்ன, சிரமம் என்ன? நம் ஊர் வெயிலுக்கு அது தேவைதானா?

உங்கள் கடைசி வரிதான் என்னை எழுத வைத்தது. 9 ஆண்டுகளில் 14 போர்வைகள் தைத்திருக்கிறேன். அவற்றில் ஒன்றையும் இந்தக் கேள்வியைக் கேட்காமல் எவரும் கையில் வாங்கியதில்லை. நீங்கள் வீட்டில் ஒரு தையல் மெஷினும், மனசு வராமல் எறியாது வைத்திருக்கும் பழந்துணி மூட்டை ஒன்றும் உடையவர் என்று வைத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

நான் முதலியார்பேட்டையில் இருக்கிறேன். பஞ்சாலை ஒன்றின் நெசவுப் பிரிவில் 22 ஆண்டுகள் வேலை செய்தவன். நீளவாட்டத்து இழையான பாவு எது, அகலவாட்டத்து இழையான ஊடை எது என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு துணியை இழுத்துப் பார்த்தே சொல்லிவிடுவேன். பாவு வாட்டத்தில் துணி அநேகமாக இளகாது, ஊடை வாட்டத்தில் சற்று இளகும், குறுக்காகப் பிடித்தால் ரப்பரைப் போல நீளும். ஆண்பிள்ளை ஊசி பிடிக்கலாமா என்று இங்கும் சிலர் எழுதக்கூடும் என்பதால் முன்னதாகவே சொல்லிவிடுகிறேன்: நம் ஊர்த் தையற்கடைகளில் காலங்காலமாக மெஷினை மிதிப்பவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். கூலிக்குத் தைத்தால் தொழில், வீட்டில் ஆசைக்குத் தைத்தால் இழுக்கு என்ற கணக்கை நான் ஏற்றுக்கொள்வதில்லை.

வெயில் விஷயத்துக்கு வருகிறேன். குவில்ட் என்பது மேல்துணி, நடு அடுக்கு, அடித்துணி என்ற மூன்றையும் சேர்த்துத் தைத்தது. அவ்வளவுதான் அதன் இலக்கணம். குளிர்நாட்டார் நடுவில் தடித்த பஞ்சுப் பாளத்தை வைக்கிறார்கள் என்பதற்காக நாமும் வைக்க வேண்டியதில்லை. கடைகளில் கிடைக்கும் பாலியஸ்டர் பாளத்தை வைத்து நான் தைத்த முதல் போர்வையில் ஒரு நாளும் ஒருவராலும் தூங்க முடியவில்லை. வியர்வை உள்ளேயே நின்றுவிடுகிறது. இலவம் பஞ்சின் இழை வழவழப்பானது என்பதால், மிக நெருக்கமாகத் தைக்காவிட்டால் அது நகர்ந்து மூலையில் கட்டியாகச் சேர்ந்துவிடும். இப்போது நான் வைப்பது, பல முறை துவைத்து மென்மையான பழைய பருத்தி வேட்டி இரண்டு அடுக்கு. மார்கழி விடியலில் மொட்டைமாடியில் போர்த்திக்கொள்ளவும், ஏ.சி. அறையில் குழந்தையைச் சுற்றிக்கொள்ளவும், மற்ற மாதங்களில் பாயின்மேல் விரிக்கவும் அது போதும்.

சிரமம் தையலில் இருக்கும் என்று நினைப்பீர்கள். என் அனுபவத்தில் அது அளவிலும் துவைப்பிலும்தான் இருக்கிறது. நாலரை அங்குலச் சதுரமாக வெட்டி, நான்கு பக்கமும் கால் அங்குலம், அதாவது இரண்டு நூல் (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு), தையலுக்கு விட்டால் முடிவில் 4 அங்குலச் சதுரம் கிடைக்கும். வரிசைக்கு 15 சதுரம், 18 வரிசை, ஆக 270 துண்டுகள். 60 அங்குல அகலமும் 72 அங்குல நீளமும் உள்ள போர்வை. காலையில் கவனமாக இரண்டு நூல் விட்டுத் தைத்தேன், இரவில் கண் அயர்ந்து மூன்று நூலில் தைத்தேன். ஒவ்வொரு இணைப்பிலும் இரண்டு பக்கமும் சேர்த்து இரண்டு நூல் கூடுதலாகப் போய்விட, 14 இணைப்புகளில் 28 நூல், அதாவது மூன்றரை அங்குலம் குறைந்துவிட்டது. இரவில் தைத்த வரிசைகள் காலையில் தைத்தவற்றோடு சேரவே இல்லை. ஏழு வரிசைகளைப் பிரித்தேன். இறுக்கமான மெஷின் தையலைத் துணி கிழியாமல் பிரிப்பதற்கு, தைத்த நேரத்தைப் போல மூன்று மடங்கு ஆயிற்று.

அதைவிட என்னை வருத்தியது சாயம். வெள்ளை மல் துணிச் சதுரங்களுக்கு இடையிடையே ஒரு புதுச் சிவப்புக் கைத்தறிப் புடவையின் மிச்சத்தை வைத்துத் தைத்திருந்தேன். வெட்டுவதற்கு முன் அதைக் கல் உப்புத் தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்தேன். உப்பு சாயத்தைப் பிடித்து நிறுத்தும் என்று எல்லோரும் சொல்வதை நானும் நம்பினேன். ஏற்கெனவே சாயமேற்றி முடித்த துணியில் உப்பு அந்த வேலையைச் செய்வதில்லை. ஐந்து மாத உழைப்பு முதல் துவைப்பிலேயே ரோஸ் நிறமாக வெளியே வந்தது. அன்றிலிருந்து எந்தத் துணியானாலும் ஈரமாக்கி, அதன்மேல் வெள்ளைத் துணியை வைத்து இஸ்திரி போட்டுப் பார்க்கிறேன். வெள்ளையில் நிறம் ஏறினால் அந்தத் துணி போர்வைக்குள் வராது. புதுப் பருத்தித் துணி சுருங்கும் என்பதால் துவைத்துக் காயவைத்த பிறகே கத்தரி வைப்பேன்.

கடற்கரை ஊர்க்காரர்களுக்கென்று தனியாக ஒரு சிரமம் உண்டு. மூன்று அடுக்கையும் சேர்த்துப் பிடிக்க உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஊக்கு குத்த வேண்டும். ஒரு ஐப்பசியில் ஊக்குகளைக் குத்திவைத்துவிட்டு, மழையும் வீட்டு வேலையுமாக இரண்டு மாதம் தொடாமல் விட்டேன். உப்புக்காற்றும் மழை ஈரமும் சேர்ந்து ஒவ்வொரு ஊக்கையும் துருப்பிடிக்க வைத்திருந்தன. எலுமிச்சைச் சாற்றையும் உப்பையும் தேய்த்து வெயிலில் வைத்ததில் கறை மங்கியதே தவிரப் போகவில்லை. அதனால் இப்போது ஊக்குக்குப் பதிலாக வெள்ளை நூலில் நீளமான ஓட்டுத்தையல் போட்டுக்கொள்கிறேன். வேலை முடிந்ததும் உருவிவிடலாம்.

இவ்வளவும் கேட்ட பிறகு மகிழ்ச்சி எங்கே என்பீர்கள். வெட்டிய சதுரங்களைக் கூடத்தில் பரப்பி வைக்கும் இரவுதான் எனக்குத் திருவிழா. என் மனைவி சாப்பாட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து, வாசற்படியில் நின்று சற்று நேரம் பார்ப்பாள். "ஏங்க, அந்த நீலம் ரெண்டும் பக்கத்துல பக்கத்துல நிக்குது பாருங்க, ஒண்ணை மூலைக்குக் கொண்டு போங்க" என்பாள். அவள் சொன்ன இடத்தில் வைத்ததும் தரை முழுவதும் சட்டென்று வேறாகிவிடும். காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் குவியலில் கிளறி எடுத்த கோடுபோட்ட சட்டையும், நான் ஆலைக்குப் போட்டுக்கொண்டு போன காக்கிச் சட்டையின் முதுகும், மகளின் பள்ளிச் சீருடையும் அங்கே ஒன்றையொன்று தூக்கிக் காட்டும். பிறகு, முதல் துவைப்பு முடிந்து கொடியிலிருந்து எடுக்கும் நேரம். தையலை ஒட்டித் துணி சற்றே சுருங்கி, மேற்பரப்பெல்லாம் சின்னச் சின்ன மேடுகளாக எழும்பும். கோணிய தையல்கள் அந்தச் சுருக்கத்தில் மறைந்துவிடும். இது வரும் என்று தெரிந்திருந்தும் ஒவ்வொரு முறையும் அதைத் தடவிக்கொண்டே நிற்கிறேன்.

கந்தலைத் தைத்துக்கொண்டிருக்கிறான் என்று உறவினர் ஒருவர் கல்யாண வீட்டில் பலர் முன்னால் சொன்னார். அந்தச் சொல் எனக்கு ஆறவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். வங்காளத்துப் பெண்கள் பழம்புடவைகளை அடுக்கி ஓட்டுத்தையல் போட்டுச் செய்யும் போர்வைக்குக் காந்தா என்று பெயர். நம் கந்தை என்ற சொல் என் காதுக்கு அதன் உடன்பிறப்பாகவே ஒலிக்கிறது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் கீஸ் பெண்ட் என்ற ஊரின் கறுப்பினப் பெண்கள், வயலில் உடுத்தித் தேய்ந்த துணிகளிலும் போர்வைகள் தைத்தார்கள். 2002 இல் அவை ஹூஸ்டன் அருங்காட்சியகத்தின் சுவரில் ஏறின, 2006 இல் அந்நாட்டு அஞ்சல்தலைகளிலும் இடம்பெற்றன. நம் சோழமண்டலக் கரையில் வண்ணமெழுதிய பருத்தித் துணிகளோ ஐரோப்பியக் கட்டில்களில் விரிப்பாகவும் குவில்ட்டாகவும் கிடந்தவை. உள்நாட்டு நெசவு படுத்துவிடும் என்று அஞ்சி 1686 முதல் 1759 வரை அப்படிப்பட்ட துணிகளுக்குத் தடை விதித்திருந்தது பிரான்சு. இந்தக் கரையில் பிறந்தவன் துணித்துண்டை மதிப்பதற்கு யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.

விற்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள் என்பதால் இதையும் எழுதுகிறேன். வெளிநாட்டுப் பயணிகள் வந்துபோகும் கடை ஒன்று என்னிடம் மூன்று போர்வைகளை விற்றுத் தருவதாக வாங்கியது. ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 140 மணி நேரம் உழைத்திருந்தேன். ஐந்து மாதம் வாசல் வெயிலில் தொங்கவிட்டு, ஒரு பக்கம் வெளுத்த பிறகு, 1,200 ரூபாய்க்குத் தந்துவிடுங்கள் என்றார்கள். நான் திருப்பி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். விற்றுப் பிழைப்பவர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்களுக்கு உரிய கூலி கிடைக்க வேண்டும் என்றே விரும்புகிறேன். பொழுதுபோக்காகத் தைப்பவர் விலையை மனத்தில் வைத்து உட்கார்ந்தால் கை அவசரப்படும் என்பதை மட்டும் என்னைக் கொண்டு சொல்கிறேன்.

தொடங்குவதானால் குழந்தைக்கான அளவில் தொடங்குங்கள்: வரிசைக்கு 9 வீதம் 81 சதுரங்கள், 36 அங்குலம். கனமான அட்டையில் நாலரை அங்குலம் வெட்டி வைத்துக்கொண்டு, ஓரம் தேய்ந்ததும் புது அட்டைக்கு மாறுங்கள். அட்டையின் ஒரு பக்கம் துணியின் கரைக்கு இணையாக இருக்கட்டும். குறுக்காக வெட்டிய சதுரம் தைக்கும்போது இழுபட்டுவிடும். மூன்று அடுக்கையும் தைக்கும்போது மெஷினில் 16 எண் ஊசியைப் போட்டு, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் தைத்துக்கொண்டு போங்கள். ஓரத்திலிருந்து தொடங்கினால் அடித்துணி நடுவில் மடிந்துகொள்ளும். அரை மணிக்கு ஒரு முறை எழுந்து கழுத்தையும் முதுகையும் நிமிர்த்துங்கள். முடித்துத் துவைத்த போர்வையை நேர் வெயிலில் போடாமல் நிழற்காற்றில் உலர்த்துங்கள். ஈரம் துளியும் இல்லாமல் மடித்து வைத்தால்தான் கார்த்திகை மழையில் பூஞ்சை பூக்காது.