பழைய வீட்டோடு ஒரு புது அறை: வாசகர் கேள்வி, பொறியாளர் பதில்

கும்பகோணத்தில் அப்பா காலத்து நாட்டு ஓட்டு வீடு எங்களுடையது. நான் தஞ்சாவூர் ஓவியம் வரைகிறேன். கூடத்தில் உட்கார்ந்தால் டிவி சத்தம், ஆள் நடமாட்டம். கொல்லையில் 12க்கு 12 ஒரு அறை போட்டு, ஆர்டர் நெருக்கும் நாட்களில் அங்கேயே தங்கி வேலை பார்க்க ஆசை. மேசை, கட்டில், சின்னச் சமையல் மேடை, கழிப்பறை எல்லாம் அடங்குமா? வீட்டின் பின்சுவரையே ஒரு பக்கச் சுவராக வைத்துக்கொண்டால் செலவு மிச்சம் என்கிறார் மேஸ்திரி. ராத்திரியில் தனியாகத் தூங்கப் பயமாகவும் இருக்கிறது. (வாசகி, கும்பகோணம்)

மேஸ்திரி சொல்லும் மிச்சம் இரண்டு மழைக்காலம்கூடத் தாங்காது. உங்கள் வீட்டுச் சுவர் சுண்ணாம்புக் காரையிலோ மண் சாந்திலோ எழுப்பியதாக இருக்கும். அஸ்திவாரமும் ஆழம் குறைவு. கீழே காவிரிப் படுகையின் களிமண். ஐப்பசியில் ஊறி உப்பும், சித்திரையில் வெடித்துச் சுருங்கும். பழைய வீடு பல வருஷமாக அந்த ஆட்டத்துக்குப் பழகி உட்கார்ந்துவிட்டது. புது அறை இனிமேல்தான் உட்காரப் போகிறது. இரண்டையும் ஒரே சுவரில் பூட்டினால் சேரும் இடத்தில் விரிசல் விடும், அதன் வழியே ஒழுகும், ஒழுகும் இடத்தில் நீங்கள் ரேக்கு (தங்கத் தகடு) ஒட்டிய பலகை சாய்த்து வைத்திருப்பீர்கள்.

அதனால் புது அறைக்கு நாலு சுவரும் சொந்தமாக இருக்கட்டும். பின்சுவரிலிருந்து நாலடி தள்ளி ஆரம்பியுங்கள். அஸ்திவாரக் குழியும் பழைய அடித்தளத்தை விட்டு விலகிவிடும். ஒட்டித் தோண்டி வீட்டின் காலை வாருவது நடக்காது. அந்த நாலடி நடையை வீணான இடம் என்று நினைக்காதீர்கள். இந்தத் திட்டத்திலேயே எனக்குப் பிடித்தது அதுதான். ஓட்டு இறவாணம் வெளியே இரண்டடி நீட்டிக்கொண்டிருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். புது அறையின் கூரையை இந்தப் பக்கம் ஒன்றேகால் அடி நீட்டுங்கள். நடுவே ஒரு சாண் திறந்திருக்கும். இரண்டு கூரைத் தண்ணீரும் அந்தச் சாணில் விழும். அதற்கு நேர்கீழே சின்ன வாய்க்கால் கட்டித் தெருச் சாக்கடைப் பக்கமோ தோட்டத்துப் பக்கமோ சரிவு கொடுங்கள். குடை இல்லாமல் ஒரே எட்டில் தாண்டிவிடலாம். நடையின் இரண்டு முனையிலும் கம்பிக் கதவு போட்டுப் பூட்டினால் அறை வீட்டுக்குள் இருக்கிற மாதிரிதான். ராத்திரிப் பயமும் தீர்ந்தது.

இன்னொரு உபயோகமும் உண்டு. சாக் பவுடரும் கோந்தும் பூசிக் காய்ந்த பலகையை உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பீர்களே, அந்தத் தூசி தூங்குகிற அறையில் பறக்கலாமா? தேய்ப்பு வேலையெல்லாம் நடையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, அடங்குமா என்ற கேள்வி. 12க்கு 12 என்று படித்ததும் லெ கொர்புசியே நினைவுக்கு வந்தார். சண்டிகரைத் திட்டமிட்ட அதே கட்டடக் கலைஞர். அந்த நகரத்துக்குப் படம் போட்டுக்கொண்டிருந்த காலத்தில், 1952-ல், பிரான்சின் தென்கரையில் ரோக்புருன் காப் மார்த்தன் என்ற ஊரில் ஒரு சின்ன உணவகத்தை ஒட்டித் தனக்கு ஒரு மரக் குடில் போட்டுக்கொண்டார். பக்கத்துக்கு 3.66 மீட்டர், அதாவது உங்கள் 12 அடியேதான். கட்டில், மேசை, அலமாரி, திரை மறைவில் ஒரு கழிப்பறை, அவ்வளவு. சமையலறை கிடையாது. உணவகத்துக்குள் போக ஒரு கதவு வைத்து, சாப்பாட்டை அங்கேயே முடித்துக்கொண்டார். வேலைக்கென்று கொஞ்சம் தள்ளி இன்னொரு சின்னக் கொட்டகை. 2016-ல் யுனெஸ்கோ அவருடைய கட்டடங்களை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, சண்டிகரின் கேபிட்டல் வளாகத்தோடு இந்தக் குடிலும் இடம்பிடித்தது. (கூரை உயரத்தை மட்டும் பார்த்துச் செய்துவிடாதீர்கள். அங்கே 2.26 மீட்டர்; நம் ஊர்ப் பங்குனி வெயிலில் மண்டை காய்ந்துவிடும். உங்களுக்குப் பத்தடி வேண்டும்.)

அவருக்கு உணவகம், உங்களுக்கு அம்மாவின் அடுப்படி. நடையைத் தாண்டினால் காபி இருக்கும்போது சமையல் மேடை எதற்கு? வெட்டிவிடுங்கள். கொல்லையில் ஏற்கெனவே கழிப்பறை இருந்தால் அதையே ஓடு மாற்றி, நல்ல விளக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அறைக்குள் கட்டாயம் வேண்டியது தூரிகை கழுவ ஒரு தொட்டி. அதன் குழாயை நேரே சாக்கடையில் விடாதீர்கள். சாக் கலந்த தண்ணீர் வளைவுகளில் படிந்து கல்லாகிவிடும். தொட்டிக்கு அடியில் ஒரு வாளி வைத்து, வண்டல் கீழே தங்கித் தெளிந்த நீர் மட்டும் வெளியே போகிற மாதிரி ப்ளம்பரைச் செய்யச் சொல்லுங்கள். வாரம் ஒருமுறை வாளியைக் கொட்டினால் போதும்.

அடுத்தது காற்று. உங்கள் தொழிலில் ரேக்கு ஒட்டும்போது ஃபேன் ஓடக் கூடாது. அந்த ஒரு மணி நேரம் வேர்க்காமல் இருக்க என்ன வழி என்பதை வைத்துத்தான் நான் இந்த அறையை வரைவேன். மேசை மட்டத்துக்கு ஜன்னல் திறந்தால் ரேக்கு பறக்கும். அதனால் மேசைக்கு முன்னால் திறக்காத கண்ணாடி. எதிர்ச் சுவரில், கட்டிலுக்குப் பின்னால் தாழ்வாக ஒரு ஜன்னல். மேசைக்கு மேலே கூரையை ஒட்டி இரண்டு வெண்டிலேட்டர். சூடான காற்று மேலே ஏறி வெளியேறும், கீழே குளிர்ந்தது மெல்ல உள்ளே வரும். ஃபேனைக் கட்டிலுக்கு மேல் மாட்டுங்கள், அறை நடுவில் வேண்டாம்.

வெளிச்சத்துக்கு வடக்கு ஜன்னல் என்று எல்லாரும் சொல்வார்கள். நானும் அதையே சொல்கிறேன், ஒரு திருத்தத்தோடு. வடக்கிலிருந்து நேர் வெயில் வராது என்பது ஐரோப்பாவுக்குச் சரி. கும்பகோணம் கிட்டத்தட்ட 11 பாகை அட்சரேகையில் இருக்கிறது. சித்திரை பிறந்து சில நாளிலிருந்து ஆவணி வரைக்கும் உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். காலையிலும் மாலையிலும் சாய்வாக உள்ளே வந்து தங்கத்தில் பட்டுக் கண்ணைக் கூச வைக்கும். மேலே இரண்டடி சன்ஷேடு, இரண்டு பக்கமும் ஒன்றரை அடிக்கு நிமிர்ந்த பலகை போடச் சொல்லுங்கள். வலக்கைக்காரர் என்றால் வெளிச்சம் இடப்பக்கமிருந்து விழும்படி உட்காருங்கள்.

கூரைக்கு மங்களூர் ஓடு, அடியில் சீலிங் ஓடு. கனம் குறைவு, களிமண்ணுக்கு நல்லது, தூசியும் கொட்டாது. குரங்கு நடமாட்டம் இருந்தால் மட்டும் கான்கிரீட். மாநகராட்சி அனுமதிக்கு வரைபடம் கொடுத்துவிட்டே மண்வெட்டியை எடுங்கள்.

கோவையில் மொட்டை மாடியில் தகரக் கூரை அறை போட்டு, வீட்டிலிருந்தே கணினி வேலை பார்க்கலாம் என்றிருக்கிறேன். தூக்கமும் அங்கேதான். சரிவருமா? (வாசகர், வடவள்ளி)

வெறும் தகரம் என்றால் மதியம் அடுப்பு, மழை வந்தால் மீட்டிங்கில் நீங்கள் பேசுவது யாருக்கும் கேட்காது. இரண்டு தகட்டுக்கு நடுவே நுரை வைத்த பேனல் வாங்குங்கள் தம்பி. 50 மில்லிமீட்டர் போதும். சுவரை எடை குறைந்த ஏஏசி கல்லில் (காற்றுக் குமிழி நிறைந்த கான்கிரீட் கல்) கட்டுங்கள், அதுவும் கீழே பீம் ஓடுகிற கோட்டின் மேலேயே. ஸ்லாபின் நடுவயிற்றில் சுவர் ஏற்ற வேண்டாம். வடவள்ளியில் ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எப்படி வீசும் என்று உங்களுக்குத் தெரியாததா? மேற்குப் பக்கக் கூரை நீட்டலைக் குறைத்து, ஓரத்துக் கொக்கி போல்ட்டுகளை நெருக்கமாகப் போடச் சொல்லுங்கள்.

புது அறையின் கழிப்பறை வடகிழக்கு மூலையில் வரக் கூடாதாமே? (வாசகி, திருச்சி)

உங்கள் செப்டிக் டேங்க் எந்த மூலையில் இருக்கிறது என்று எழுதவே இல்லையே. குழாய் ஓட்டத்துக்குச் சரிவு கிடைக்கிற மூலையே என் வாஸ்து.

ஓய்வுபெற்ற ஆசிரியர் நான். வீட்டுப் பக்கவாட்டு வராந்தாவை அடைத்து எழுதவும் மதியம் படுக்கவும் அறையாக்க வேண்டும். என்ன கவனிக்க வேண்டும்? (வாசகர், நாகர்கோவில்)

முழுக்க அடைக்காதீர்கள் ஐயா. வராந்தாவை அடைத்தால் அதற்குப் பின்னால் இருக்கிற உள் அறை இருட்டாகிவிடும். அப்புறம் பகலில் அங்கேயும் விளக்கு எரியும். வீட்டு அறைக்கு நேராக உள்ள பாதியைத் திறந்தே விட்டு மறுபாதியை மட்டும் அடையுங்கள். வராந்தாத் தரை வீட்டைவிடத் தாழ்வாக இருக்கும். அந்தப் படியை எடுத்துவிட்டுச் சரிவாக்குங்கள், அடிக்கு ஓரங்குலம் ஏறினால் போதும். உங்கள் ஊரில் ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. புத்தக அலமாரியை வெளிச்சுவரில் சாத்தாமல் வீட்டுப் பக்கச் சுவரில், அதுவும் நாலு விரல் இடைவெளி விட்டு நிறுத்துங்கள். அடித்தட்டைத் தரையிலிருந்து அரையடி தூக்கி வைத்தால் கரையான் ஏறினாலும் கண்ணில் படும்.