கரடுமுரடான பாதைக்கு ஏற்ற கூடார டிரெய்லர்

கேள்வி: மண் சாலைகளிலும் பாறைப் பாதைகளிலும் இழுத்துச் செல்ல, மடித்து விரிக்கும் கூடார டிரெய்லர் வாங்க விரும்புகிறேன். எதை முதலில் பார்க்க வேண்டும்?

பதில்: படுக்கையையும் அடுப்பையும் பார்ப்பதற்கு முன், குனிந்து அடிச்சட்டத்தைப் பாருங்கள், வெல்டிங் இணைப்புகளில் மயிரிழை அளவு விரிசல் தெரிந்தாலும், மேலே எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த வண்டி வேண்டாம். வெற்று எடையை மட்டும் நம்பாதீர்கள்: 100 லிட்டர் தண்ணீரே 100 கிலோ கூடுதல் சுமை என்பதால், எல்லாவற்றையும் ஏற்றிய பின் உள்ள எடைதான் உங்கள் காரின் இழுவை வரம்புக்குள் இருக்க வேண்டும், அதில் ஏறத்தாழ 10 சதவீதம் இணைப்புக் கொக்கியின் மீது இறங்கினால்தான் டிரெய்லர் பின்னால் அலையாமல் வரும். கூடாரத்தை நீங்களே ஒருமுறை விரித்து மடித்துப் பாருங்கள். தையலோரங்களில் கரும்புள்ளிகள் இருந்தால், அதை ஈரத்தோடு மடித்து வைத்திருந்தார்கள் என்று பொருள்.