கேட்டதும் சொன்னதும்: மால்டினி

கேள்வி: கால்பந்து என்றால் கோல் அடிப்பவர்களைப் பற்றியே எழுதுகிறீர்கள். கோல் விழாமல் தடுக்கிற டிஃபெண்டர் ஒருவரைக்கூட உங்களுக்குப் பிடிக்காதா?

பதில்: பிடிக்கும். பாவ்லோ மால்டினி. 1985 ஜனவரியில், 16 வயதில், உடினேசே அணிக்கு எதிராக மாற்று ஆட்டக்காரராக இறங்கினார். 2009 மே வரை இத்தாலியின் ஏசி மிலனைத் தவிர வேறு கிளப் கிடையாது. மொத்தம் 902 ஆட்டங்கள். இயல்பில் வலதுகாலர், ஆனால் வருடக்கணக்கில் ஆடியது இடது பக்கம்! அவர் ஆடும்போது நான் பந்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவரைப் பார்ப்பேன். சறுக்கி விழுந்து பந்தைப் பறிப்பதெல்லாம் அவருக்குக் கடைசி வழி. எதிராளி போக நினைத்த இடத்தில் முன்பே போய் நின்றிருப்பார், அவ்வளவுதான். பாவம், அந்த ஆள் பந்தைப் பின்னால் தள்ளிவிட்டுத் திரும்பிப் போவான். ஹைலைட்ஸில் இதையெல்லாம் யார் காட்டுகிறார்கள்?

அப்பா சேசரேயும் மிலன் கேப்டன்தான். 1963ல் லண்டனில் கிளப்களுக்கான ஐரோப்பியக் கோப்பையைத் தூக்கினார். 40 வருடம் கழித்து மான்செஸ்டரில் மகன் தூக்கினார்.

கேள்வி: அப்படிப்பட்டவருக்கு உலகக் கோப்பை ஏன் கிடைக்கவில்லை?

பதில்: பெனால்டி. ஆட்டம் சமனில் முடிந்தால் இரு அணியும் மாறி மாறி கோலை நோக்கி அடிப்பார்களே, அதுதான். இத்தாலி தோற்றது 1990 அரையிறுதி அர்ஜென்டினாவிடம், 1994 இறுதி பிரேசிலிடம், 1998 காலிறுதி பிரான்ஸிடம். மூன்றுமே பெனால்டியில் போனவை. 94 இறுதியைக் கண்விழித்துப் பார்த்தேன். இத்தாலியின் பாஜ்ஜோ அடித்த பந்து கம்பத்துக்கு மேலே போனதும் டிவியை அணைத்துவிட்டேன். கோப்பையை வாங்குவதைப் பார்க்க மனசு வரவில்லை. 2002ல் தென் கொரியாவின் ஆன் ஜங்-ஹ்வான் தலையால் முட்டிய கோல்டன் கோல், அதாவது கூடுதல் நேரத்தில் விழுந்ததுமே ஆட்டத்தை முடித்துவிடும் கோல். அவர் எம்பியது மால்டினியைத் தாண்டித்தான் என்பது இன்னும் உறுத்துகிறது. 126 ஆட்டங்களோடு தேசிய அணிக்கு முழுக்குப் போட்டார். நாலு வருடத்தில் இத்தாலி கோப்பையை வென்றது. எப்படி? பெனால்டியில்!

கேள்வி: கடைசி ஆட்டத்தில் சொந்த ரசிகர்களே விசிலடித்தார்களாமே?

பதில்: மிலன் நகரில் ஆடிய கடைசி ஆட்டத்தில், ஆமாம். நாம் விசிலடித்தால் கொண்டாட்டம். அங்கே அது ஏளனம். 2009 மே 24, ரோமாவுடன் ஆட்டம். மற்ற பக்கமெல்லாம் கைதட்டல். தீவிர ரசிகர் கூட்டம் ஒன்று மட்டும் பழைய கேப்டன் பரேசியின் சட்டையைப் பெரிதாக விரித்து, கேப்டன் என்றால் அவர் ஒருவர்தான் என்று பாடியது. அந்தக் கூட்டத்துக்குத் தலையாட்டாதவர் மால்டினி, அதற்கான கூலி. அடுத்த வாரம் ஃப்ளோரன்ஸ் நகரில் எதிரணி ரசிகர்கள் கைதட்டி வழியனுப்பினார்கள்.

கேள்வி: அவருடைய 3ஆம் எண் சட்டை இப்போது யாரிடம்?

பதில்: யாரிடமும் இல்லை. அவருடைய மகன்கள் மிலனுக்கு ஆடினால் மட்டுமே தருவதாக ஏற்பாடு. டானியல் வந்தார், ஆனால் 27ஐப் போட்டுக்கொண்டார். டிஃபெண்டரும் இல்லை. கோல் அடிக்கிற ஆள்.